தொரை நின்ற மாதிரி நின்றேன்

1

போன ஞாயிற்றுக்கிழமை முகநூலில் ஒரு படம் போட்டேன். பச்சை மேலங்கி, தலையில் தட்டைத் தொப்பி, முழங்கை மடிப்பில் வாய் திறந்து தொங்கும் இரட்டைக்குழல் துவக்கு, கையில் ‘இருபத்தைந்துக்கு இருபத்தொன்று’ என்று எழுதிய அட்டை. இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் என்னோடு படித்து இன்று அங்கேயே ஆசிரியராக இருக்கும் நண்பர் முதல் ஆளாக வந்து எழுதினார்: “அப்படியே பெரிய தொர மாதிரியே இருக்கீங்க! நம்ம தோட்டத்துக்கே பெருமை.”

அவர் மனம் நிறைந்துதான் எழுதினார். எனக்கோ பிடரியில் ஓர் அறை விழுந்த மாதிரி இருந்தது. பத்து நிமிடத்தில் படத்தை எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தீர்கள், யார் என்ன சொன்னார்கள் என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். அந்த நாலு பேருக்கும், எங்கள் டயகமத் தோட்டத்தில் என் அப்பாவைத் தெரிந்த அத்தனை பேருக்கும் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். பெருமைப்பட இதில் ஒன்றும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விளையாட்டு இதுதான். சாசர் அளவில் ஒரு களிமண் தட்டு. இயந்திரம் அதை ஆகாயத்தில் வீசும். கீழே விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். இருபத்தைந்து தட்டில் எத்தனை உடைந்தது என்பதுதான் கணக்கு. இங்கிலாந்தில் பண்ணை நிலங்களில் ஞாயிறு தோறும் இதற்குக் கூட்டம் சேரும். நம்மவர்கள் யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நான்தான் போய் மாட்டிக்கொண்டேன்.

2

இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருடம். மனைவி சாந்தியும் தோட்டத்துப் பிள்ளைதான், பூண்டுலோயாக்காரி. இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் தாதி. அதே ஆஸ்பத்திரியின் மருந்துக் களஞ்சியத்தில் நான். மூன்று வருடங்களுக்கு முன், வேலைத்தலத்து ஆட்கள் எல்லோருமாக ஒரு நாளைக் கழிக்க ஒரு பண்ணைக்குப் போனோம். அங்கேதான் முதன்முதலில் இதைப் பார்த்தேன்.

புல்வெளியின் ஓரத்தில் இடுப்பளவு குழி. குழிக்குள் இயந்திரம். சுடுகிறவர் குரல் கொடுத்ததும் குழியிலிருந்து ஒரு தட்டு சீறிக்கொண்டு எழும்பியது. மற்றவர்கள் தட்டைப் பார்த்தார்கள். நான் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எட்டு வயதில், எங்கள் தோட்டத்தில், அந்த இயந்திரத்தின் பெயர் மாரிமுத்து. என் அப்பா.

தோட்டத்து நிர்வாகியான பெரிய தொரை ஞாயிற்றுக்கிழமைகளில் பந்து விளையாடும் மைதானத்தில் குறி பழகுவார். காட்டுப்பன்றி சுடுவதற்கு என்று பேச்சு. மலையில் மழைத்தண்ணீர் ஓட வெட்டியிருக்கும் வாய்க்காலை நாங்கள் கான் என்போம். அப்பா மைதானத்து ஓரத்துக் கானுக்குள் குந்திக்கொண்டு, தொரையின் பங்களாச் சமையற்காரர் குசினியில் சேர்த்து வைத்த காலி டின்களை ஒவ்வொன்றாக மேலே எறிவார். தொரை “போடு!” என்பார். டின் எழும்பும். வெடிச்சத்தம் கேட்டு தொழிலாளர் குடியிருக்கும் லயத்து நாய்கள் ஓடி ஒளியும். முடிந்த பிறகு அப்பா மைதானமெல்லாம் நடந்து டின்களைப் பொறுக்கி, ஓட்டை விழாதவற்றை மறு வாரத்துக்கு எடுத்து வைப்பார். ஓட்டை விழாதவைதான் எப்போதும் அதிகம். சம்பளம் என்று ஒன்றும் இல்லை, பேக்கரிப் பாண் ஒரு றாத்தல் கிடைக்கும். ஆறு நாளும் தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலையில் நின்ற மனிதருக்கு ஏழாவது நாள் அப்படிப் போனது. லயத்தில் அவருக்குப் பெயர் ‘டின்னு மாரிமுத்து’. பள்ளிக்கூடத்தில் நான் ‘டின்னு மகன்’. அந்தப் பெயருக்காக நான் அழுத அழுகைக்குக் கணக்கில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொரை குழலைத் தாழ்த்திவிட்டார். அப்பாவின் இடது முன்கையில் ஐந்து ஈயக்குண்டுகள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மூன்றை எடுத்தார்கள், மற்ற இரண்டும் ஆழத்தில் போய்விட்டன என்று விட்டுவிட்டார்கள். பங்களாவிலிருந்து ஒரு பிஸ்கட் டின் வந்தது. அந்த இரண்டு குண்டும் இன்னும் அப்பாவின் கையில் இருக்கின்றன. தொட்டால் தோலுக்கடியில் மிளகு போல உருளும்.

என் மகள் மீராவுக்கு ஒன்பது வயதில் ஊருக்குப் போயிருந்தோம். அவள் அதைத் தொட்டுப் பார்த்து, “இது என்ன தாத்தா?” என்று கேட்டாள். அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, “கொழுப்புக் கட்டி” என்றேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். “ஆமா தாயி, கட்டிதான்” என்று அவளிடம் சொல்லிவிட்டுச் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

3

பார்த்துவிட்டு வந்திருக்கலாம். வரவில்லை. என் கையிலும் ஒரு துவக்கைக் கொடுத்தார்கள். குழியைப் பார்த்து நான் குரல் கொடுத்ததும் ஒரு தட்டு எழும்பியதே, அந்தச் சுகம் என்னைப் பிடித்துக்கொண்டது. இதை எழுதவே கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான்.

இங்கே துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். படிவம், டாக்டர் கடிதம், நன்னடத்தைக்கு ஒருவர் சாட்சி, சுவரோடு சேர்த்து முடுக்கிய இரும்பு அலுமாரி என்று அலைந்தேன். பழைய கடதாசிகளைத் தேடும்போது என் பிறப்புச் சான்றிதழ் அகப்பட்டது. ‘தந்தையின் தொழில்: தோட்டத் தொழிலாளி.’ யாரும் கேட்கவில்லை. இருந்தும் அதைக் கோப்பின் அடியில் தள்ளி வைத்தேன்.

கடைசியில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். அலுமாரியை ஆட்டிப் பார்த்தார். சாந்தி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். எழுந்து போகிற நேரத்தில் பேச்சுக்குக் கேட்டார்: “உங்கள் குடும்பத்தில் யாராவது சுடுவார்களா?”

“என் அப்பா சுடுவார். இலங்கையில், எங்கள் தேயிலைத் தோட்டத்தில்” என்றேன்.

“ஓ! தோட்டக் குடும்பமா?” அவர் நின்ற விதமே மாறிவிட்டது. என் கையைப் பிடித்து மறுபடி குலுக்கினார். அந்தக் குலுக்கலுக்காகவே நான் பேசாமல் இருந்துவிட்டேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த மீரா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் போனதும் சாந்தி பிடித்துக்கொண்டாள்.

“மாமா எப்பங்க தொரயானாரு? அப்ப எங்கப்பா யாரு, கவர்னரா?”

“வாய் தவறிருச்சு விடு.”

“முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறீங்க. புள்ள வேற கேட்டுக்கிட்டு இருந்தா. நல்லா இல்லங்க, சொல்லிட்டேன்.”

வாய் ஒன்றும் தவறவில்லை. தெரிந்தே சொன்னேன். தவறிவிட்டது என்று சாந்தியிடம் சொன்னதும் பொய்தான். அதற்குப் பிறகு நான் சேர்ந்த துவக்குக் கிளப்பிலும் அதையே சொன்னேன். என்னைப் புது ஆட்களுக்கு அறிமுகம் செய்யும்போதெல்லாம் ‘தேயிலைத் தோட்டக் குடும்பத்தைச் சேர்ந்தவர்’ என்றார்கள். மீரா பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொண்டாள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

4

கிளப்பில் பயிற்சி கொடுப்பவர் மார்கரெட். அறுபது வயதைத் தாண்டிய, குட்டையான, கறாரான பெண். அவருடைய அப்பா துவக்கு செய்கிறவர், அந்தப் பட்டறை இன்னும் அவரிடம் இருக்கிறது. நான் பழைய துவக்கு ஒன்றை வாங்கிக்கொண்டு போனதும் முதல் வேலையாக என்னை அளக்க வேண்டும் என்றார்.

“இன்னொருவர் சட்டையைப் போட்டுக்கொண்டு நீங்கள் வேலைக்குப் போகலாம். இன்னொருவருக்குச் செய்த துவக்கால் தட்டை உடைக்க முடியாது” என்றார். இந்தத் துவக்கில் முன்னால் மட்டும்தான் குறிமணி இருக்கிறது, பின்னால் குறிபார்க்க இருப்பது சுடுகிறவனின் கண். கட்டை தோளில் சரியாகப் பொருந்தி, கன்னம் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் படிந்தால்தான் கண் ஒரே இடத்தில் நிற்கும். அரை அங்குலம் தப்பினால் குண்டு எங்கேயோ போகும். திருகாணி வைத்து நீட்டவும் வளைக்கவும் முடிகிற ஓர் அளவுத் துவக்கை என் கையில் கொடுத்தார்.

“இயல்பாக நில்லுங்கள். உங்கள் அப்பாவைப் பார்த்துப் பழகியிருப்பீர்களே. அவர் எப்படி நிற்பார்?”

எனக்குத் தெரிந்தது ஒரு நிற்புத்தான். இடது காலை முன்னால் வைத்து, இடுப்புக்கு மேலே பின்னுக்குச் சாய்ந்து, நாடியைத் தூக்கி, வயிறு முன்னால் தெரிய மைதானத்தில் நின்ற மனிதர். அப்படியே நின்றேன். மார்கரெட் நாடாவை வைத்து அளந்து எழுதிக்கொண்டார். “உங்கள் அப்பா நல்ல உயரமாக இருந்திருப்பார் போலிருக்கிறது” என்றார். ஆமாம் என்றேன். அப்பா என் தோளுக்குத்தான் வருவார்.

அந்த அளவுக்குக் கட்டையை நீட்டினார். அதை வைத்துக்கொண்டு ஒன்றரை வருடம் நான் பட்ட பாடு சொல்லி முடியாது. இருபத்தைந்துக்கு ஐந்து, ஆறு, ஒரு நல்ல நாளில் ஏழு. பின்னால் நின்று மார்கரெட் சொல்லிக்கொண்டே இருப்பார்: “மேலே போகிறது. மறுபடியும் மேலே. தலை தூக்குகிறீர்கள். தட்டைப் பாருங்கள். நீங்கள் உங்களையே பார்த்துக்கொண்டு சுடுகிறீர்கள்.”

5

போன பங்குனியில் அது நடந்தது.

சுடும் இடத்தில் ஒரு சட்டம் உண்டு. துவக்கில் தோட்டா இருக்கும்வரை குழல் முன்னால் பார்த்துத்தான் இருக்க வேண்டும். இடி விழுந்தாலும் திரும்பக் கூடாது. முதல் நாளே சொல்லித்தருவது இதைத்தான். என் முறை வந்து, இரண்டு தோட்டாவையும் போட்டு மூடிவிட்டேன். பின்னால் சரளைக்கல்லில் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஒரு நாய் குரைத்தது. யாரோ “குட் மார்னிங் சர்” என்றார்கள். வந்தவர் அந்த நிலத்தின் சொந்தக்காரர், எண்பது வயதுக் கிழவர், வருடத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பாராம்.

நான் யோசிக்கவே இல்லை. கால் தானாக ஓர் எட்டு விலகியது. இடது கை தொப்பிக்குப் போனது. உடம்பு திரும்பியது. இடுப்பளவில் குழலும் திரும்பியது.

“குழல்!” என்று மார்கரெட் போட்ட சத்தத்தில்தான் எனக்கு நினைவு வந்தது. பாய்ந்து வந்து என் துவக்கை ஆகாயத்துக்குத் தள்ளிப் பிடித்திருந்தார். பின்னால் பெஞ்சில் ஆறு பேர். அவர்களில் ஒருத்தி மீரா. அன்று என்னோடு வந்திருந்தாள். வெடிக்கவில்லை. கடவுள் புண்ணியம். 

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். என் இடது கையில் தொப்பி இருந்தது. கழற்றியிருந்தேன்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தொரையின் ஜீப் சத்தம் கேட்டால் ஆண்கள் பாதையை விட்டுக் கானோரம் இறங்க வேண்டும். குடையை மடக்க வேண்டும். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைக்க வேண்டும். முகத்தைத் தொரைப் பக்கம் திருப்ப வேண்டும். முதுகைக் காட்டினால் மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் அத்தனை பேர் முன்னாலும் பேர் சொல்லிக் கேட்பார்கள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயதில் நானும் இறங்கியிருக்கிறேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். என்னுடைய பழக்கம் ஆறு பேரைச் சுடுகாட்டுக்கு அனுப்பப் பார்த்தது.

6

ஒரு மாதம் கிளப்புக்கு வரக்கூடாது என்றார்கள். சரிதான். மார்கரெட் மட்டும் தன் பட்டறைக்கு வரச் சொன்னார்.

“பேசுவதற்காகத் திரும்புவார்கள். உடைத்த சந்தோஷத்தில் திரும்புவார்கள். எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு திரும்பியவரை நான் பார்த்ததில்லை. யாருக்காகக் கழற்றினீர்கள்?”

அவரிடம் சொல்லிவிட்டேன். டின், கான், பாண், அப்பாவின் கை, பொலிஸ்காரரின் கைகுலுக்கல் எல்லாம். இருபத்திரண்டு வருடம் பேசிய ஆங்கிலம் அன்று என் காலை வாரிவிட்டது. தொரை என்பதற்கு முதலாளி என்றேன், அதிகாரி என்றேன், ஒன்றும் பொருந்தவில்லை. கடைசியில் தொரை என்றே சொன்னேன்.

மார்கரெட் உச்சுக்கொட்டவும் இல்லை, புத்தி சொல்லவும் இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அப்படியென்றால் நான் அன்று யாரை அளந்தேன்?” என்று கேட்டார்.

என்னிடம் இருந்தது தொரையின் உடம்புக்கு வெட்டிய துவக்கு.

மறுபடியும் அளவுத் துவக்கைக் கொடுத்தார். “யாரைப் போலவும் நிற்க வேண்டாம். பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நில்லுங்கள்.” நின்றேன். தோள் முன்னால் விழுந்தது. முழங்கால் லேசாக மடிந்தது. பாரம் முன்னங்காலுக்குப் போனது. கழுத்து குனிந்தது. சரிவில் கவ்வாத்து வெட்டுகிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள், இல்லாவிட்டால் மலை பின்னால் தள்ளிவிடும்.

“பயிற்சிக்கு வருகிறவர்களிடம் இப்படி நில்லுங்கள் என்று சொல்லி என் தொண்டை வற்றிப்போகிறது” என்றார் மார்கரெட். “உங்களுக்கு இது பிறவியிலேயே வந்திருக்கிறது. இதைப் போய் ஏன் ஒளித்து வைத்தீர்கள்?”

கட்டையில் ஓர் அங்குலத்துக்கு மேல் அறுத்தெடுத்தார். கன்னம் படியும் இடத்தைக் கொஞ்சம் சீவினார். சுண்ணாம்பு அடித்த இரும்புத் தகட்டில் சுடச் சொன்னார். குண்டுகள் முதல் தடவையாக நடுவில் விழுந்தன. பிறகு வாரா வாரம் பாடம். தினமும் காலையில் கண்ணாடி முன்னால், வெறும் துவக்கை இருபது தடவை தோளுக்கு ஏற்றி இறக்கினேன். தட்டு உடைந்த பிறகும் குழலை நிறுத்தாமல் கொண்டுபோகப் பழகினேன். ஒன்பது, பன்னிரண்டு, பதினாறு என்று ஏறி, போன ஞாயிற்றுக்கிழமை இருபத்தொன்று.

கிளப்பில் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று மார்கரெட்டைக் கேட்டுக்கொண்டேன். “உங்கள் கதை, நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றார். நான் சொல்லவில்லை. ஒருவரிடம் இறக்கி வைத்ததே போதும், மிச்சம் அப்படியே கிடக்கட்டும் என்று இருந்துவிட்டேன். வெட்கங்கெட்டவனுக்கு அதுவும் ஒரு சௌகரியம்.

7

படம் போட்ட மறுநாள், திங்கட்கிழமை, இங்கே விடுமுறை. கிளப்பின் மாத இதழுக்கு ‘என் அப்பாவின் இருபத்தொன்று’ என்று எழுதித் தரும்படி மீராவிடம் கேட்டிருக்கிறார்கள். அவளுக்குப் பதினாலு வயசாகிறது. தமிழில் பேச வரும், ஆனால் வலிய வந்து பேசமாட்டாள். தாத்தாவோடு வருடத்துக்கு நாலு தடவை பேசினால் அதிகம். அன்று காலை தானாகவே அவருக்கு வீடியோவில் அழைத்துவிட்டாள். எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் செடி வெட்டிவிட்டு உள்ளே வரும்போது அப்பாவின் குரல் கேட்டது. டயகமவில் பின்னேரம், குளிருக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார்.

“தாத்தா, உங்ககிட்ட எத்தனை துவக்கு இருந்துச்சு?”

நான் அப்போதே உள்ளே போயிருக்க வேண்டும். கதவோரம் நின்றேன்.

“ஒன்னுதான் தாயி இருந்துச்சு. ரெட்டக் குழலு.”

“எங்க வச்சிருந்தீங்க?”

“எங்கன்னா... பங்களாவுல. கண்ணாடி அலுமாரியில.”

“நீங்க பங்களாவுலயா இருந்தீங்க?”

“அந்தக் காலத்துல போக வர இருந்தோம் தாயி.”

“நல்லா சுடுவீங்களா தாத்தா?”

“ஏதோ... சுமாரா சுடுவேன்.” சிரித்தார். அது அவருடைய சிரிப்பே இல்லை.

மீரா என்னைப் பார்த்துவிட்டு, “டாடி வந்துட்டாரு” என்று போனை நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனேன். அப்பா முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“நான் சொன்னது சரியாப்பா? நீ என்ன சொல்லி வச்சிருக்கியோ தெரியல. எதுக்கும் இருக்கட்டும்னு ஒன்னுன்னு சொன்னேன். கூட சொல்லியிருக்கணுமா? புள்ளைக்கு ஒன்னும் சந்தேகம் வரலியே?”

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. நான் எதுவுமே சொல்லி வைக்கவில்லை. ஒரு கேள்வியிலேயே மகன் எவ்வளவு தூரம் தன்னை மறைத்திருக்கிறான் என்று அவருக்கு விளங்கிவிட்டது. கோபப்படவில்லை. பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி, விடை சரியா என்று என்னிடம் கேட்கிறார்.

போனோடு திரும்பிப் போய் மீரா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“மீரா, தாத்தாகிட்ட துவக்கே இருந்ததில்ல. அது தோட்டத்துத் தொரையோடது. தொரை சுடுறதுக்குத் தாத்தா டின் எறிஞ்சாரு. கான்ல குந்திக்கிட்டு. தாத்தா கையில இருக்கிறது கட்டி இல்ல, அந்தத் துவக்கோட குண்டு. நான்தான் எல்லாருக்கும் பொய் சொன்னேன். இப்ப தாத்தாவையும் சொல்ல வச்சிட்டேன்.”

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் பக்கம் திரும்பவே இல்லை. போனை என் கையிலிருந்து வாங்கி, மேசையில் நிமிர்த்தி வைத்தாள்.

“தாத்தா, நீங்களே சொல்லுங்க. என்ன நடந்துச்சு?”

அப்பா அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி என்னைப் பார்த்தார். தலையிலிருந்த துண்டு இப்போது அவர் கையில் இருந்தது. எப்போது கழற்றினார் என்று தெரியாது.

“சொல்லவாப்பா?” என்றார்.

எழுபத்தெட்டு வயது மனிதர். தன் கையில் கிடக்கும் குண்டின் கதையைச் சொல்ல என்னிடம் உத்தரவு கேட்கிறார்.

“சொல்லுங்கப்பா” என்றேன். “துண்ட தலையில கட்டிக்கிட்டுச் சொல்லுங்க. குளிரும்.”

கட்டிக்கொண்டார். சட்டைக் கையை மடித்து முன்கையைக் கேமராவுக்குக் காட்டினார். கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் ஏறியது.

“அந்தத் தொரைக்குச் சுடவே வராது தாயி. நாடிய தூக்கிக்கிட்டு, பின்னுக்குச் சாஞ்சுக்கிட்டு நிப்பாரு பாரு... நான் எறியுற டின்னு ஒன்னையும் தொட மாட்டாரு. எல்லாம் மேல மேலயே போகும். டின்னுல பட்டத விட எம்மேல பட்டதுதான் ஜாஸ்தி!”

மீரா வாய்விட்டுச் சிரித்தாள். “தாத்தா, டாடியும் முந்தி அப்படித்தான் நின்னாரு! அதே மாதிரி!”

“அப்புடியா?” அப்பாவும் சிரித்தார். இது அவருடைய சிரிப்பு. “ஏம்ப்பா, போயும் போயும் அந்தாளு மாதிரியா நின்ன?”

நான் நாற்காலியைப் பின்னால் இழுத்து, கேமராவில் என் முகம் தெரியாத இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.